அமெரிக்கப் பள்ளியில் ஸ்பெல்லிங் பீ: முதன்முறையாகப் பார்க்கச் செல்லும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வகுப்பாசிரியரிடமிருந்து ஒரு சிறு தாள் வீட்டுக்கு வரும். உங்கள் குழந்தை வகுப்பளவில் நடந்த எழுத்துக்கூட்டல் போட்டியில் தேறியிருக்கிறது, பள்ளிப் போட்டி இன்ன நாளில் உணவுக்கூடத்தில் நடைபெறும், பெற்றோர் வந்து பார்க்கலாம் என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. நாங்கள் டாலஸுக்கு வடக்கே குடிவந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தபோது, நான்காம் வகுப்பில் படித்த என் மகள் அப்படியொரு தாளைக் கொண்டுவந்தாள். நான் திருச்சியில் படித்த காலத்தில் 'சொல்வதை எழுதுதல்' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் சொல்வார், நாங்கள் எழுதுவோம், பிழைவிட்ட சொல்லைப் பத்து முறை திரும்ப எழுதுவோம். அதையே எழுதாமல், ஒலிவாங்கியின் முன் நின்று வாயால் செய்ய வேண்டும் என்பதும், ஒரே ஒரு பிழையோடு வெளியேற வேண்டும் என்பதும், பெற்றோர் அதை அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதும் எனக்குப் புதியவை. அன்று எனக்குத் தெரியாமல் போன ஒரு விதியால் என் மகள் மீண்டும் மேடையேறக்கூடிய வாய்ப்பு நழுவியது. அந்தக் காரணத்தால், பள்ளி அனுப்பும் தாளில் இல்லாதவற்றை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

போட்டியின் பின்னணி

'பீ' என்றதும் தேனீதான் நினைவுக்கு வரும். போட்டிச் சின்னங்களிலும் தேனீயையே வரைகிறார்கள். ஆனால் அமெரிக்கக் கிராமங்களில் அண்டை வீட்டார் ஒன்றுகூடிச் சோளம் உரிக்கவும் மெத்தைவிரிப்பு தைக்கவும் செய்த கூட்டுவேலைக்கும் இந்தப் பெயரே வழங்கியது. ஒரு வீட்டு நடவுக்கு ஊரே வந்து கைகொடுப்பதைப் போன்ற அந்தப் பழக்கத்தின் பெயர், பிள்ளைகள் கூடி எழுத்துக்கூட்டும் நிகழ்ச்சிக்கும் ஒட்டிக்கொண்டது. நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் பாடநூல் தலைமுறை தலைமுறையாக இந்நாட்டுப் பள்ளிகளில் புழங்கியதால், இப்போட்டிக்கு இங்கே ஆழமான வேர் இருக்கிறது. 1925இல் லூயிவில் நகரச் செய்தித்தாள் ஒன்று வேறு சில செய்தித்தாள்களோடு சேர்ந்து முதல் தேசியப் போட்டியை நடத்தியது. ஒன்பது பேர் கலந்துகொண்ட அதில், 'கிளாடியோலஸ்' என்ற மலரின் பெயரைச் சரியாகச் சொல்லி ஃபிராங்க் நியூஹவுசர் என்ற சிறுவன் வென்றான். 1941 முதல் ஸ்க்ரிப்ஸ் நிறுவனம் அதைப் பொறுப்பேற்று நடத்தி வருகிறது. நூறாண்டு நிறைவாகக் கொண்டாடப்பட்ட 2025ஆம் ஆண்டுப் போட்டிக்கு 243 குழந்தைகள் வந்திருந்தார்கள்.

இந்தியக் குடும்பங்களுக்கு இப்போட்டியோடு உள்ள உறவும் புதிய பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் அதுவே ஒரு சுமையாகவும் வந்து சேர்கிறது. 1985இல் பாலு நடராஜன் இந்திய வம்சாவளியினரில் முதலாவதாக வென்றார். 2008 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் வென்றவர்களில் இந்திய வம்சாவளிக் குழந்தை ஒருவராவது இருந்தார். இதனால் போட்டிக்குத் தேர்வான செய்தியைச் சொன்ன மறு நிமிடமே, அலுவலக நண்பர்களும் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பெரியப்பாவும் 'உங்கள் பிள்ளைக்கு என்ன, ஜெயித்துவிடுவாள்' என்று சொல்லிவிடுகிறார்கள். அன்பால் சொல்லப்படும் அந்தச் சொல்லைக் குழந்தையின் காதுக்குப் போகாமல் தடுப்பது பெற்றோரின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். தேசிய மேடையில் நிற்கும் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் மொழிகளின் வேர்களைப் படித்தவர்கள். உணவுக்கூடத்து மேடையில் நிற்கும் நம் குழந்தை, ஒரு மாதத்துக்கு முன் கிடைத்த பட்டியலைப் படித்த நான்காம் வகுப்புக் குழந்தை. அந்த வேறுபாட்டை நாம் மறந்தாலும் குழந்தை தன் நெஞ்சில் உணர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் பள்ளியிடம் கேட்க வேண்டியவை

தாள் வந்த வாரத்திலேயே ஆசிரியருக்கோ, போட்டியை ஒருங்கிணைப்பவருக்கோ ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேள்வி கேட்பதை இங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. பள்ளி ஸ்க்ரிப்ஸ் போட்டியில் பதிவு செய்திருக்கிறதா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பதிவு செய்த பள்ளியின் வெற்றியாளருக்கே வட்டாரப் போட்டிக்குப் போகும் வழி உண்டு, மற்றப் பள்ளிகளில் அது பள்ளிக்குள்ளேயே முடியும் விழா. அடுத்து, எந்தச் சொற்பட்டியலைப் படிக்க வேண்டும், பட்டியலுக்கு வெளியேயும் சொற்கள் வருமா என்று கேளுங்கள். மூன்றாவதாக, போட்டி விதிகளின் படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் விட்டது இந்த மூன்றாவதைத்தான்.

பொதுவாகப் பள்ளிப் போட்டிகள் இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலிருந்து சனவரி வரையிலும், வட்டாரப் போட்டிகள் குளிர்காலத்தின் கடைசியிலும், தேசியப் போட்டி மே மாத இறுதியை ஒட்டியும் நடக்கும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத குழந்தைகளுக்கே இப்போட்டி. கீழ்வரம்பைப் பல பள்ளிகள் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று தாங்களே வைத்துக்கொள்கின்றன.

வீட்டில் தயாராவது

ஸ்க்ரிப்ஸில் பதிவு செய்த பள்ளிகளுக்கு வரும் பள்ளி நிலைப் பட்டியலில் 450 சொற்கள் இருக்கும், வகுப்புவாரியாகப் பிரித்திருப்பார்கள். அதற்கு அடுத்த நிலைக்கு 'வேர்ட்ஸ் ஆஃப் தி சாம்பியன்ஸ்' என்ற 4,000 சொற்கொண்ட பட்டியல் உண்டு. முதல் ஆண்டில் அந்தப் பெரிய பட்டியலைத் தொடவே வேண்டாம். நாளொன்றுக்குப் பதினைந்து சொற்கள், ஞாயிறன்று அந்த வாரத்தில் தவறியவை மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பள்ளிப் பட்டியல் முடிந்துவிடும்.

இங்கே தமிழ்ப் பெற்றோருக்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை. முதலாவது, நம் உச்சரிப்பு. நாம் வாசிக்க, குழந்தை எழுத்துக்கூட்டிப் பழகினால், மேடையில் அமெரிக்க உச்சரிப்பில் அதே சொல் வரும்போது குழந்தைக்கு அது வேறு சொல்லாகக் கேட்கும். 'வி'யும் 'டபிள்யூ'வும் நம் நாவில் ஒரே வகரமாக வருகின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்கப் பழகாத குழந்தை மேடையில் திணறும். ஆகவே மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியில் உள்ள ஒலிப்பதிவையோ, ஸ்க்ரிப்ஸின் 'வேர்டு கிளப்' செயலியையோ சொல்லச் செய்து, நாம் பக்கத்தில் அமர்ந்து கேட்பதே நல்லது.

இரண்டாவது, எழுத்துகளின் பெயர். கடைசி எழுத்தை நாம் 'இசட்' என்போம். நம் குழந்தை 'ஸீ' என்று சொல்லும். கூடத்தின் ஒலிபெருக்கியில் 'ஸீ'யும் 'சீ'யும் ஒன்றுபோலக் கேட்கக்கூடும். 'எம்' - 'என்', 'எஃப்' - 'எஸ்', 'பி' - 'டி' ஆகியவையும் அப்படியே. எழுத்துக்கு எழுத்து சிறு இடைவெளி விட்டு, ஒவ்வொன்றையும் முழுதாக ஒலிக்கும்படி வீட்டின் ஒரு கோடியில் நிற்கச் செய்து, நாம் மறுகோடியிலிருந்து கேட்டுப் பழக்க வேண்டும். 'டபுள் எல்' என்று சேர்த்துச் சொல்லும் நம் வழக்கத்தையும் விட்டு, இரண்டு எழுத்துகளையும் தனித்தனியே சொல்லப் பழக்குங்கள்.

மூன்றாவது, நாம் படித்த ஆங்கிலம் பிரிட்டிஷ் ஆங்கிலம். 'கலர்' என்ற சொல்லில் 'யூ' சேர்த்தே நம் கை எழுதும். போட்டிக்கு அடிப்படை மெரியம்-வெப்ஸ்டர் பேரகராதி. அதில் பிரிட்டிஷ் வழக்கு என்று குறிக்கப்பட்ட வடிவங்கள் ஏற்கப்படுவதில்லை. குழந்தையின் விடையைத் திருத்துமுன் நாம் ஒருமுறை அகராதியைப் பார்த்துவிடுவது நலம். என் மகள் சரியாகச் சொன்ன இரண்டு சொற்களை நான் பிழை என்று திருத்தியிருக்கிறேன்.

நான்காவது சிக்கல் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது என்றாலும், நாம் அதை விளக்கும் விதம் வேறாக இருக்கலாம். அழுத்தம் பெறாத அசையில் ஆங்கில உயிர்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே மங்கலான ஒலியாகக் குறுகிவிடுகின்றன. அதை 'ஷ்வா' என்பார்கள். 'காடு', 'பந்து' என்னும்போது ஈற்று உகரம் முழுதாக ஒலிக்காமல் குறுகுகிறதே, அந்தக் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் நமக்கு இது எளிதில் புரியும். வேறுபாடு என்னவென்றால், தமிழில் குறுகி ஒலிப்பது இன்ன உயிர் என்பதில் ஐயம் இல்லை. ஆங்கிலத்தில் அந்த மங்கல் ஒலிக்குப் பின்னால் 'ஏ', 'ஈ', 'ஐ', 'ஓ', 'யூ' எதுவும் ஒளிந்திருக்கலாம். 'கிராமர்', 'செபரேட்', 'கேலண்டர்' போன்ற எளிய சொற்களில் குழந்தைகள் தடுமாறுவது இதனால்தான். இத்தகைய சொற்களைத் தனியே ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். நீளமான, மிரட்டும் சொற்களைவிட இவையே பள்ளிப் போட்டியில் அதிகம் பேரை வெளியேற்றுகின்றன.

குழந்தைக்கு உள்ள உரிமைகள்

ஒலிவாங்கியின் முன் நிற்கும் குழந்தை சொல்லைத் திரும்பச் சொல்லும்படி கேட்கலாம். பொருள், வாக்கியத்தில் பயன்பாடு, பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்பது, எந்த மொழியிலிருந்து வந்தது, வேறு உச்சரிப்பு உண்டா என்பனவற்றையும் கேட்கலாம். இவற்றைக் கேட்பது தெரியாமையின் அடையாளம் என்று நம் குழந்தைகள் நினைத்துக்கொள்வதுண்டு, ஏனெனில் பெரியவரைக் குறுக்கிட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் வீட்டில் பழக்கியிருப்போம். இங்கே கேட்பது ஆட்டத்தின் ஒரு பகுதி என்பதைத் தெளிவாகச் சொல்லி, வீட்டுப் பயிற்சியிலேயே, நன்றாகத் தெரிந்த சொல்லுக்கும் குறைந்தது பொருளையாவது கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று வழக்கமாக்குங்கள்.

மூலமொழியைக் கேட்பதால் வரும் பயன் பெரியது. கிரேக்கச் சொல் என்றால் 'ஃப' ஒலிக்குப் 'பி-ஹெச்' வருவது வழக்கம். பிரெஞ்சு என்றால் 'ஷ' ஒலிக்குச் 'சி-ஹெச்' வரலாம். ஜெர்மன் என்றால் அதே ஒலிக்கு 'எஸ்-சி-ஹெச்'. சில சொற்களுக்கு மூலம் 'தமிழ்' என்றே பதில் வரும். கட்டுமரத்திலிருந்து 'கேட்டமரான்', சுருட்டிலிருந்து 'செரூட்', மிளகுத்தண்ணீரிலிருந்து 'மல்லிகடானி', வெட்டிவேரிலிருந்து 'வெட்டிவர்' என்று ஆங்கில அகராதியில் குடியேறிய சொற்களை உங்கள் குழந்தைக்கு ஒரு மாலையில் சொல்லிக்கொடுங்கள். போட்டிக்கு அவை வராமலே போகலாம். எனினும் தான் வீட்டில் பேசும் மொழி அந்த மேடைக்கு அந்நியமானதல்ல என்று அறிந்த குழந்தை கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும்.

எழுத்துகளைச் சொல்லத் தொடங்கிய பின் குழந்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து மீண்டும் தொடங்கலாம். ஆனால் ஏற்கெனவே சொன்ன எழுத்துகளையோ அவற்றின் வரிசையையோ மாற்ற முடியாது. ஆகவே அவசரமே இங்கு முதல் பகை. இதற்கு 2025 இறுதிச் சுற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. எங்கள் பகுதியிலேயே உள்ள ஆலன் என்ற ஊரைச் சேர்ந்த ஃபைசான் ஸாகி, 'கமலைனா' என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் வெற்றியை நெருங்கிவிடலாம் என்ற நிலையில், எதையும் கேட்காமல் விரைந்து தொடங்கிச் சில எழுத்துகளிலேயே தவறிவிட்டார். அந்தச் சுற்றில் மற்ற இருவரும் தவறியிருந்ததால் மூவரும் தொடர்ந்தார்கள். பிறகு 'எக்லேர்சிஸ்மான்' என்ற சொல்லால் அவரே வென்றார். முந்தைய ஆண்டில் இரண்டாமிடம் பெற்றிருந்த, அவ்வளவு பழகிய ஒருவருக்கே அவசரம் அப்படிச் செய்யுமென்றால் நம் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே சொன்னதில் இன்னொரு விதியும் அடங்கியிருக்கிறது. ஒரு சுற்றில் மீதமுள்ள அனைவரும் தவறினால், அந்தச் சுற்றைத் தொடங்கிய எல்லாரும் மீண்டும் ஆட்டத்துக்குள் வருவார்கள். உங்கள் குழந்தை தவறிவிட்டது என்பதற்காக உடனே கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடாதீர்கள். சுற்று முடியும்வரை, முடிந்தால் போட்டி முடியும்வரை, அங்கேயே இருங்கள்.

நாங்கள் இழந்த வாய்ப்பு

என் மகளுக்கு நான்காம் சுற்றில் வந்த சொல் 'கேலண்டர்'. கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டர் எங்கள் சமையலறையில் அவள் கண்ணெதிரே தொங்குகிறது, அதில் ஒவ்வொரு நாளும் தாள் கிழிப்பவளும் அவளே. சொல்லை வாசித்தவர் பொருளைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஈற்றில் 'ஏ-ஆர்' என்பதற்குப் பதிலாக 'ஈ-ஆர்' என்று முடித்தாள். மணி அடித்தது. அவள் என்னைத் தேடிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி நாற்காலியில் அமர்ந்தாள்.

அன்றிரவு, அவளாகவே அகராதியைப் புரட்டிவிட்டு, 'அம்மா, நான் சொன்ன சொல்லும் இதில் இருக்கிறதே' என்றாள். இருந்தது. அவள் சொன்ன எழுத்துகளில், அதே உச்சரிப்பில், துணியையும் காகிதத்தையும் உருளைகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கும் இயந்திரத்துக்கு அது பெயர். பிறகு விதிகளைத் தேடிப் படித்தேன். ஒரே ஒலியுடைய வேறு சொல் இருக்குமானால், எது கேட்கப்படுகிறது என்பதைப் பொருள் சொல்லி வேறுபடுத்துவது சொல் வாசிப்பவரின் பொறுப்பு. அவர் வேறுபடுத்தாவிட்டால் அந்தச் சொற்களில் எதனுடைய எழுத்துகளைச் சொன்னாலும் ஏற்க வேண்டும். நான் அங்கேயே எழுந்துபோய்ச் சொல்லியிருந்தால் அவள் திரும்ப மேடைக்குப் போயிருக்கக்கூடும். முறையீட்டுக்குக் காலவரம்பு இருக்கிறது: குழந்தை தொடர்ந்து ஆடியிருந்தால் அதற்கு அடுத்த சொல் எப்போது வந்திருக்குமோ, அதற்குள் சொல்லிவிட வேண்டும். இரவில் அகராதியில் கண்டுபிடித்து எந்தப் பயனும் இல்லை.

அந்த ஆசிரியர் மீது எனக்கு வருத்தமில்லை; தம் வகுப்பு வேலைகளுக்கு நடுவே முப்பது குழந்தைகளுக்காக நூற்றுக்கணக்கான சொற்களை வாசித்தவர் அவர். விதியைப் படித்து வைத்திருப்பது என் வேலை. ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: விதித்தாளை அச்சிட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், போட்டி தொடங்குமுன் முறையீட்டை யாரிடம் சொல்ல வேண்டும் என்று விசாரித்து வையுங்கள், உங்கள் குழந்தைக்கு வரும் ஒவ்வொரு சொல்லையும், அது சொன்ன எழுத்துகளையும், பொருள் சொல்லப்பட்டதா என்பதையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஐயம் வந்தால் கூட்டத்தின் நடுவிலிருந்து குரல் கொடுக்காமல், அமைதியாக உரியவரிடம் சென்று, 'நான் இன்ன எண்ணுடைய குழந்தையின் தாய், இந்தச் சொல்லுக்கு ஒரே ஒலியுடைய வேறு சொல் உண்டு, பொருள் சொல்லப்படவில்லை' என்று இரண்டே வாக்கியங்களில் சொல்லுங்கள். நடுவர் மறுத்துவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள்; அவர்கள் தீர்ப்பே இறுதி.

முறையிடுவது அநாகரிகம் என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. 2022 தேசியப் போட்டியில் சான் அன்டோனியோவைச் சேர்ந்த ஹரிணி லோகன் ஒரு சொல்லின் பொருளைத் தவறாகச் சொன்னதாக வெளியேற்றப்பட்டார். நடுவர்கள் மீண்டும் ஆராய்ந்து, அவர் தேர்ந்த விடையும் பொருந்தக்கூடியதே என்று அவரைத் திரும்ப அழைத்தார்கள். அவரே அந்த ஆண்டின் வெற்றியாளரானார். திருத்திக்கொள்ளும் வழி போட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் எந்தப் பிழையும் இல்லை.

போட்டி நாளன்று

பெரும்பாலான பள்ளிப் போட்டிகள் பள்ளி நேரத்திலேயே நடப்பதால் அரை நாள் விடுப்பை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பள்ளி அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் பார்வையாளர் ஒட்டுச்சீட்டு பெற்றுக்கொண்டுதான் உள்ளே போக முடியும். வரிசை நீளமாக இருக்கும், இருபது நிமிடம் முன்னதாகப் போங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் அழைத்துப்போவதாக இருந்தால், எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று முன்பே கேட்டுவிட்டு, அவர்களுடைய பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். என்ன நடக்கும் என்பதை அவர்களுக்கு வீட்டிலேயே விளக்கிவிடுவதும் முக்கியம். பேத்தி நிற்கும்போது பாட்டி வாய்விட்டு 'முருகா' என்று சொல்லிவிட்டால் நாம் உருகுவோம், ஆனால் மேடையில் நிற்பவளின் கவனம் கலையும்.

காலை உணவு வழக்கமானதாகவே இருக்கட்டும். காரில் போகும்போது சொல் கேட்காதீர்கள்.

எங்கே உட்காருவது என்பதைக் குழந்தையிடமே கேளுங்கள். சில குழந்தைகளுக்கு அம்மாவின் முகம் நேர் எதிரே தெரிய வேண்டும். சிலருக்கு அது தெரியவே கூடாது. என் மகள் 'வலப்பக்கம், கடைசி வரிசை' என்று கட்டளையிட்டாள்; அங்கிருந்து அவளுக்கு நான் இருப்பது தெரியும், என் முகம் தெளிவாகத் தெரியாது. அவளுடைய அந்தக் கணக்கு எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

குழந்தைகள் எண் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக அமர்ந்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு பயிற்சிச் சுற்று நடக்கும். அதில் தவறினால் யாரும் வெளியேறுவதில்லை என்பதை அறிந்து வைத்திருங்கள், இல்லையேல் முதல் நிமிடத்திலேயே உங்களுக்கு மூச்சு நின்றுவிடும். கைதட்டல் சுற்றின் முடிவில்தானா, ஒவ்வொருவருக்குமா என்பதை நடத்துபவர் சொல்வார். கைப்பேசியில் பதிவு செய்வதற்குப் பள்ளியின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் மற்றக் குழந்தைகள் தெரியும் காட்சிகளை எங்கும் பகிராதீர்கள்.

இனி, உட்கார்ந்து பார்க்கும் வேலை. உங்கள் குழந்தை எழுந்து ஒலிவாங்கியை நோக்கி நடக்கும்போது உங்கள் உதடுகள் தாமாக அசையத் தொடங்கும். விரல் தொடையில் எழுத்துகளை எழுதும். இரண்டையும் அடக்க வேண்டும், ஏனெனில் பார்வையாளர் உதவுவதாக நடுவர்கள் கருத இடமுண்டு, அதைவிட, குழந்தை உங்கள் உதட்டைப் பார்த்துத் தன் நினைவை இழந்துவிடும். உள்ளங்கைகளை மடியில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் நெற்றியைப் பார்க்காமல் ஒலிவாங்கியின் தண்டைப் பாருங்கள். இது எனக்கு உதவியது. அது ஓர் எழுத்தைத் தவறாகச் சொன்னால் அதை நாம் முதலில் அறிவோம், மணி பின்னால்தான் அடிக்கும்; அந்த ஓரிரு நொடிகளில் முகம் சுருங்காமல் வைத்திருப்பதைப் போன்ற கடினமான செயல் எனக்கு வேறு தெரியவில்லை. சொல் முடியும்வரை குழந்தைக்குத் தான் சரியாகச் சொல்வதாகத்தான் தோன்றும். அந்த நொடிகளை அதனிடமிருந்து பறிக்க வேண்டாம்.

மற்றப் பிள்ளைகள் தவறும்போதும் கவனமாக இருங்கள். நம் நாற்காலியில் எழும் சிறு பெருமூச்சு முன்வரிசையில் இருக்கும் இன்னொரு தாய்க்குக் கேட்கும். வெளியேறும் ஒவ்வொரு குழந்தைக்கும் நன்றாகக் கைதட்டுங்கள்.

மணி அடித்த பிறகு

ஒருவரைத் தவிர எல்லாருக்கும் மணி அடிக்கும். குழந்தை உங்களிடம் வரும்போது 'தெரிந்த சொல்தானே' என்ற வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நிற்கும், அதை விழுங்கிவிடுங்கள். சரியான எழுத்துகளைச் சொல்லித் திருத்தவும் வேண்டாம், நடுவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பக்கத்தில் இடம் கொடுத்து, தண்ணீர்க் குப்பியை நீட்டினால் போதும். அழ வேண்டுமென்றால் அழட்டும். என் மகள் அழவில்லை. தோழிக்கு அடுத்த சொல் என்ன வரும் என்று கவனிக்கத் தொடங்கிவிட்டாள். அழுதுகொண்டிருந்தது நான்தான், அதுவும் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

வென்றுவிட்டால் செய்ய வேண்டியவை குறைவு: பெற்றோர் கையொப்பமிட வேண்டிய படிவம், வட்டாரப் போட்டியின் தேதியும் இடமும், வட்டாரத் தகுதித் தேர்வு எழுத்துமூலமாக இருக்குமா என்ற விவரம் ஆகியவற்றை ஒருங்கிணைப்பாளரிடம் அன்றே பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டாமிடம் பெற்ற குழந்தையும் பட்டியலை மூடிவைக்க வேண்டியதில்லை; முதல்வரால் போக முடியாவிட்டால் அந்த இடம் அதற்கு வரக்கூடும்.

தோற்ற குழந்தை மீண்டும் ஆட வேண்டுமா என்பதை அன்றைக்கே பேச வேண்டாம். சில வாரங்கள் கழித்து அதுவாகவே சொற்களைப் பற்றிப் பேசினால், விருப்பம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்படி விரும்பும் குழந்தைகளுக்காக நார்த் சவுத் ஃபவுண்டேஷன் பல நகரங்களில் தன் கிளைகள் வழியே தனிப் போட்டிகள் நடத்துகிறது; 1989இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு இந்தியாவில் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. அங்கே மேடைப் பழக்கம் நன்றாகக் கிடைக்கும். கூடவே, மிகுந்த ஆயத்தத்தோடு வரும் பிள்ளைகளையும் பார்க்க நேரும் என்பதால் குழந்தையின் இயல்பறிந்து முடிவு செய்யுங்கள்.

மறுநாள், போட்டியை நடத்திய ஆசிரியருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள், குழந்தையையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒலியுடைய சொற்களுக்குப் பொருளையும் சேர்த்து வாசித்தால் நன்றாக இருக்கும் என்பதை நான் அந்தக் கடிதத்தின் கடைசியில் பணிவாகக் குறிப்பிட்டேன். அடுத்த ஆண்டு அதே கூடத்தில், எல்லாக் குழந்தைகளுக்கும், கேட்காமலே, அத்தகைய ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லப்பட்டது. என் மகள் அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் பொருளைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினாள்.